இருபத்தெட்டாம் நாள்

12.11.2025, புதன். ஒரு தவறு. அம்மாவுக்கு மூன்றாவது ஊசி 14ஆம் தேதி என்று எழுதியிருந்தேன். 13. அக்டோபரை முப்பது நாளாக எண்ணிவிட்டேன்.

ஷஹனாஸ் ஃபிரிட்ஜின் மேல் நோட்டை வைத்து, நின்றபடியே எழுதினாள். பழைய தேதியின் மேல் ஒற்றைக் கோடு போட்டாள். தவறை அழிக்கக் கூடாது, அடித்துவிட்டு மேலே எழுத வேண்டும் என்று மாலை நேர லேப் டெக்னீஷியன் வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

அத்தாவின் ஜனாஸாவை ஆண்கள் அடக்கத்துக்குத் தூக்கிப்போய் முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. வந்திருந்த பெண்களுக்குத் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தபோதுதான் முட்டைகளுக்குப் பின்னால் அந்த ஊசி மருந்துப் பெட்டியைப் பார்த்தாள். அதன் மேல் பேனாவால் எழுதியிருந்தது: 13 வியாழன், 6.40 பஸ். அத்தா நேற்று மாலை வாங்கி வந்து வைத்திருக்கிறார். விடியற்காலை தொழுகைக்கு எழுந்தவர், கட்டிலோரத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். அம்மாவின் நோயை அவர் பெயர் சொல்லிப் பேசியதே இல்லை. 'சிதம்பரம் வேல' என்பார்.

உள்ளறைப் பாயில் அம்மா வெள்ளைப் புடவையில் இருந்தாள். அத்தாவின் அக்கா, சிதம்பரத்து மாமி, அந்தப் புடவையைக் கட்டிவிடும்போது வயிற்றில் கை பட்டதிலிருந்து அவளை விட்டு நகரவில்லை. இப்போது ஒரு தம்ளர் பாதாம் பாலோடு வந்து உட்கார்ந்தார்.

"குடி அஜீசு. உனக்காக இல்ல."

அம்மா வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

"ரெண்டு மாசமா குளிக்கலன்னு சொன்ன. வயிறு என்னமோ அஞ்சு மாசம் மாதிரி இருக்கு. உன் கணக்கு உனக்கே தெரியல போல." மாமி சிரிக்கப் பார்த்தார். அழுகை வந்துவிட்டது. "நூரு போற போக்குல ஒண்ண விட்டுட்டுப் போயிருக்கான்." பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் திரும்பி, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய நாட்களைக் கணக்கிட்டு, "இவளுக்கு இத்தா நாலு மாசம் பத்து நாள் இல்ல. பெத்தெடுக்குற வரைக்கும். வாசப்படி தாண்ட விடமாட்டேன்" என்றார்.

அம்மா சொல்வாள் என்று ஷஹனாஸ் காத்திருந்தாள். அம்மா பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷஹனாஸ் மறுபடி அடுக்களைக்குப் போய் நோட்டைப் புரட்டினாள். ஜூலை: ஒன்பது நாள் ரத்தப்போக்கு, ஹீமோகுளோபின் 6.8. ஸ்கேன்: கர்ப்பப்பையில் கட்டி, 11.4 செ.மீ. ஊசி 28 நாளுக்கு ஒன்று. முதல் ஊசி 18.9. இரண்டாவது 16.10, அன்று கட்டி 9.8. அதன் கீழே டாக்டர் சொன்னது: ஊசி கட்டியைச் சுருக்கும், மாதப்போக்கை நிறுத்தும், அடியோடு கரைக்காது, நாள் தள்ளினால் திரும்ப வளர ஆரம்பிக்கும், மூன்று ஊசிக்குப் பிறகு ஆபரேஷன்.

எல்லாம் அவள் எழுதியதுதான். அதுதான் பயமாக இருந்தது. அக்டோபருக்கு முப்பது நாள் என்று எண்ணியவள் வேறு எதையெல்லாம் தப்பாக எழுதியிருப்பாள்? அம்மா ஏன் இல்லை என்று சொல்லவில்லை? ஒரு நிமிடம் அவளுக்கும் எதுவும் நிச்சயமாக இல்லை. ஃபிரிட்ஜைத் திறந்து பெட்டியை எடுத்தாள். சில்லென்றிருந்த அதோடு உள்ளறைக்குப் போனாள்.

"மாமி, அது புள்ள இல்ல."

மாமி நிமிர்ந்து பார்த்தார்.

"கட்டி. ஊசி போடுறதாலதான் குளிக்கறது நின்னுருக்கு. அடுத்த ஊசி நாளைக்கி, சிதம்பரத்துல."

"என்னடி அஜீசு சொல்றா இவ?"

"ஆமாக்கா," என்றாள் அம்மா. "உங்க மூஞ்சியப் பாத்தேன். சொல்ல வரல."

பக்கத்து வீட்டுப் பெண் எழுந்து வெளியே போனாள். மாமி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"எத்தன தடவ சிதம்பரம் வந்தீங்க?"

"ஊசிக்கு ரெண்டு தடவ" என்றாள் ஷஹனாஸ்.

"பஸ் ஸ்டாண்டுலேருந்து என் வூட்டுக்கு நாலு தெருதான இருக்கும். ஒரு தடவகூட எட்டிப் பாக்கலியே அவன்."

"அத்தா ஆஸ்பத்திரி உள்ளகூட வரமாட்டாங்க மாமி. கேட்டுலயே நிப்பாங்க. நானும் அம்மாவும்தான் உள்ள போவோம்."

ஷஹனாஸ் பெட்டியை நீட்டினாள். மாமி கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார். எழுத்தின் மேல் விரல் நின்றது.

"ஆறுக்கு இன்னும் இவ்ளோ நீட்டு வாலு போடுறான்" என்றார்.

வெளியே ஆண்கள் திரும்பி வந்து கால் கழுவும் சத்தம் கேட்டது. மாமி எழுந்துபோய்ப் பெட்டியைத் தானே ஃபிரிட்ஜில் வைத்துக் கதவை அழுத்திச் சாத்தினார்.

"வைத்தியத்துக்குன்னா பகல்ல போலாம். பொழுது சாஞ்சு மக்ரிபு பாங்கு சொல்றதுக்குள்ள வூடு வந்து சேந்துடணும். நானும் வரேன்."

அம்மாவின் கையிலிருந்த தம்ளரில் ஏடு படிந்திருந்தது. மாமி அதை வாங்கிப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்து, மறுபடி அவள் கையில் வைத்தார்.

"உனக்குத்தான். குடி."

ஷஹனாஸ் நோட்டைத் திறந்து, கோடு போட்ட தேதிக்குக் கீழே எழுதினாள்.

நாளை, 13.11.2025, வியாழன்: 6.40 பஸ். இரண்டு ஸ்கேன் ரிப்போர்ட்டும். ஃபிளாஸ்கில் ஐஸ் போட்டு ஊசி மருந்து. டிக்கெட் மூன்று.