இஞ்சி மணத்த மீசை

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று இருந்தது. அது வருகைப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருக்க, ஸ்டுடியோவில் எல்லாருக்கும் அவள் 'முணுமுணு'. நடிகருக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. கேமராவுக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டு, மைக்கில் விழாமல் கிசுகிசுக்க வேண்டும். தொண்டை கட்டாமலிருக்க நாள் முழுக்க இஞ்சி தட்டிப் போட்ட டீ குடிப்பாள். அவள் உட்கார்ந்து எழுந்த இடத்தை மூக்காலேயே கண்டுபிடித்துவிடலாம்.

அவள் எடுத்துக் கொடுப்பது ஒருவருக்குத்தான். ஏழு வருடமாக ஓடும் துப்பறியும் சிரிப்புத் தொடரின் நாயகர், மீசைக்காரர். திரையில் எந்தத் திருடனும் அவரிடம் தப்ப முடியாது. நேரில் இரண்டு வரி அவர் மனதில் நிற்காது. காது வழியாகப் போவது மூளையைத் தொந்தரவு செய்யாமல் வாய் வழியாக வந்துவிடும். "முணுமுணு இருமினா இவரும் இருமுவாரு" என்று விளக்குப் பிடிக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

அந்த மீசையும் அவருடையதல்ல. மேக்கப் அண்ணன் வலைத்துணியில் ஒவ்வொரு முடியாகக் கோத்து, ஒரு மாதம் குனிந்திருந்து செய்தது.

அதைத்தான் மூன்று நாளைக்கு முன்னால் அவள் கருக்கினாள்.

வேண்டுமென்றா செய்தாள்? "மேக்கப் பெட்டியப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு அண்ணன் போன் பேச வெளியே போனார். சும்மா போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். கண்ணாடி முன்னால் மீசையை உதட்டின்மேல் வைத்து, துப்பறிவாளர் மாதிரி ஒரு புருவத்தைத் தூக்கிப் பார்த்தாள். தன் சிரிப்பிலேயே மீசை நழுவி டீ டம்ளரில் விழுந்தது. பிழிந்தாள், ஊதினாள், காயவில்லை. உடுப்பு அறையில் இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்தது. ஒரே ஒரு தடவை, மேலாக... சர்ரென்றது. பாதி மீசை சுருண்டு போயிற்று. அதை மேக்கப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

கருகிய மீசையைப் பார்த்துத் தயாரிப்பாளர் அம்மா குதித்தார். "ஏழு வருஷமா இந்த மீசைதான் தொடருக்கு முகம். பெட்டி யார் கையில இருந்துச்சு?"

"என் கையிலதாம்மா" என்றார் அண்ணன்.

"அப்ப இந்த எபிசோடோட நீங்க கிளம்பலாம்."

யாரும் கேட்காமலே, "நான் இஸ்திரி ரூம் பக்கமே போகல" என்றாள் முணுமுணு. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பதுபோல. அது யார் காதிலும் விழவில்லை. அவள் குரல் அப்படிப்பட்டது.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று படுத்தாள். மறுநாளும் அதையே நினைத்துக்கொண்டு படுத்தாள். வேலை போனால் படுக்கையிலிருக்கும் அம்மாவுக்கும் படிக்கிற தங்கைக்கும் வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் மதியமானால் அண்ணன் எப்போதும்போலத் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடியில் அவளுக்குப் பாதி வைத்துத் தள்ளுவார். "சாப்பிடும்மா. இன்னும் ரெண்டு நாளைக்குத்தானே."

மூன்றாம் நாள் ஹிப்னாடிசக் காட்சி. ஒரு கொள்ளையை நேரில் பார்த்த துப்பறிவாளர் அதை மறந்துபோகிறார். டாக்டர் அவரை மயக்கத்தில் ஆழ்த்திக் கேட்க, 'சமையல்காரன்' என்று அவர் சொல்ல வேண்டும். மீசைக்காரர் கண்ணை மூடிச் சோபாவில் படுத்தார். முணுமுணு சோபாவின் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டாள். கடையில் வாங்கிய நைலான் மீசை ஒரு பக்கம் எழுந்து எழுந்து நின்றது. அண்ணன் அதை அழுத்தி ஒட்டிவிட்டு ஓரமாகப் போய் நின்றார். அவர் காலடியில், கட்டி வைத்த பை.

டாக்டராக நடித்தவர் கடிகாரத்தை ஆட்டினார். "கண்ணு சொக்குது... இனி வாயில பொய் வராது. சொல்லுங்க, செஞ்சது யாரு?"

தாளில் சரியாகத்தான் எழுதியிருந்தது. அவள் கண் தாளில் இல்லை, பையில் இருந்தது.

"நான்தான்" என்று கிசுகிசுத்தாள்.

"நான்தான்!" என்று முழங்கினார் மீசைக்காரர்.

"மீசையக் கருக்கினது நான்தான்."

"மீசையக் கருக்கினது நான்தான்!"

"இஸ்திரிப் பெட்டியால. பழி அண்ணன் மேல விழுந்துச்சு. நான் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

ஓர் எழுத்து பிசகாமல் அதையும் சொல்லி முடித்தார். இயக்குநர் 'கட்' சொல்லவும் மறந்து எழுந்து வந்தார். "சார், நீங்களா?"

மீசைக்காரர் கண்ணைத் திறந்து மிரண்டார். "எனக்கு ஞாபகமே இல்லையேப்பா! ஆனா என் வாயே சொல்லுதே... யோவ் டாக்டரு, நெசமாவே மயக்கிட்டியா?"

"ஐயோ சார், இது ஓடாத கடிகாரம்!"

தயாரிப்பாளர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க மீசை, நீங்க கருக்கினீங்க. மொதல்லயே சொல்றதுக்கென்ன? மேக்கப்காரரே, பையப் பிரிங்க."

மீசைக்காரர் எழுந்து போய் அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என்னை மன்னிச்சுருய்யா. இப்படி ஒரு பாவியா நான்?" அவர் குரல் உடைந்தது. இதை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

முணுமுணு சோபாவுக்குப் பின்னாலேயே இருந்தாள். அண்ணன் வேலை தப்பியது, அவள் வேலையும் தப்பியது. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. ஆனால் செய்யாத தப்புக்கு அன்றைக்கு ஒரு மனிதர் தலை குனிந்தார், இன்றைக்கு இன்னொருவர் கலங்கி நிற்கிறார். இப்படியே எத்தனை பேரை முன்னால் நிறுத்துவது?

எழுந்து நின்றாள். "நான்தான்." கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"நான்தான்!" என்றார் மீசைக்காரர், பழக்க தோஷம்.

"ஐயோ, நீங்க இல்ல சார்!" ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவள் குரல் கூரையில் போய் மோதியது.

"ஐயோ, நீங்க..." என்று தொடங்கிவிட்டு அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் கருக்கினேன். என்னை நம்பி அண்ணன் விட்டுட்டுப் போன பெட்டி அது."

தயாரிப்பாளர் அம்மா அவளையும் மீசைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். "உன்னை அனுப்பிட்டு இவர் வாய யாரை வெச்சுத் திறக்கறது? போ, அடுத்த டேக்குக்கு நில்லு."

அவ்வளவுதான். போகவே போகாத வேலைக்குப் பயந்தா இத்தனையும்? அவள் அண்ணன் பக்கம் போனாள். அவர் குனிந்து பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே..."

"அன்னிக்கே தெரியும்மா. கருகின மீசையில இஞ்சி வாசனை. இங்க இஞ்சி டீ குடிக்கிறது யாரு?"

"அப்பவே ஏண்ணே சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். மூடியில சோறு வெக்கிறப்பல்லாம், இந்தா இப்ப சொல்லுவா, இந்தா இப்ப சொல்லுவான்னு." முடிச்சு அவிழ்ந்த பிறகும் அவர் நிமிரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுபடி கடிகாரம் ஆடியது. மறுபடி டாக்டர் கேட்டார். "சமையல்காரன்" என்று இந்த முறை அவள் ஒழுங்காகத்தான் எடுத்துக் கொடுத்தாள். நடுவில் ஒரு விம்மல் வந்துவிட்டது. மீசைக்காரர் அந்த விம்மலையும் சேர்த்தே சொன்னார்.

"கட்! அருமை சார்! அந்த விம்மல எங்கிருந்து புடிச்சீங்க?" என்று இயக்குநர் கை தட்டினார்.

கண்ணீரை ஒற்றியெடுக்க அண்ணன் பஞ்சோடு ஓடி வந்தார். மீசைக்காரரின் கண் காய்ந்து கிடந்தது. விம்மினது இவரில்லை. அண்ணன் சோபாவைச் சுற்றி வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், வசனத் தாளின்மேல் பஞ்சை வைத்துவிட்டுப் போனார்.