மகனுக்குச் சொன்ன மரியாதை

…டேய் என்றாளே, அந்த ஒரு சொல் போதும், இந்தக் காளவாசல் சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது சுபலட்சுமிக்கு, டூட்டி முடிந்து வில்லாபுரம் வீட்டுக்குப் போகிற டாக்டர் என்று யாருக்குத் தெரியும், ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரிக்கிற பைத்தியம் என்பார்கள், சொல்லட்டுமே… இன்று சோணையம்மாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இட்லி தின்றாள், சட்னியில் உப்பில்லை என்று குறை வேறு, "டேய் மருது, டாக்டரம்மாவுக்குச் சேரை இழுத்துப் போடுடா" என்று மகனை அதட்டினாள், மருது சேரை இழுத்துக்கொண்டே அழுதான். போன வாரம் இதே மகனிடம் என்ன சொன்னாள்? காட்டில் கருவேல முள் குத்திக் கால் வீங்கியிருக்கிறது, "ஆத்தாவுக்கு அசதிதான் மேடம், ஒரு ஊசி போட்டாச் சரியாப் போயிரும்" என்று டி. கல்லுப்பட்டியிலிருந்து கூட்டிவந்திருந்தான், தொட்டால் பெரிய காய்ச்சல்கூட இல்லை, வெளியே அம்புட்டுக் கூட்டம், மாத்திரை எழுதி அனுப்பப் பேனாவை எடுத்தாயிற்று, அப்போதுதான் கிழவி மகனை நிமிர்ந்து பார்த்து, "வாங்க, உக்காருங்க, நீங்க எந்த ஊரு?" என்றாள். மருது சிரித்தான், "கிண்டலப் பாருங்க மேடம்." கிண்டலா? வலியில் துடிக்கிறவள் பெற்ற பிள்ளைக்கு மரியாதை கொடுத்தா விளையாடுவாள்?

கையைப் பிடித்தால் ஜில்லென்றிருந்தது, ஓடிவந்தவளைப்போல மூச்சு, பிரஷர் கீழே கிடந்தது, காலையிலிருந்து சிறுநீர் போகவில்லையாம்… செப்சிஸ், கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பு தன்னையே அடித்துக்கொள்வது, பெற்ற பிள்ளையைக்கூட அடையாளம் தெரியாதபடி புத்தியைக் குழப்புவது, நிமிடத்துக்கு நிமிடம் கைநழுவிப் போவது. "பாண்டிமீனா சிஸ்டர், கல்ச்சருக்கு ரத்தம் எடுங்க, உடனே ஆன்டிபயாட்டிக், குளுக்கோஸ் வேணாம், சலைன் வேகமா விடுங்க." அந்தக் குரல் தன்னுடையதுதானா, எங்கிருந்து வந்தது? "முள்ளுக் குத்துனதுக்கா மேடம் ஐசியூ?" என்று மருது மறித்தபோது, "அண்ணே, இப்ப விட்டா அம்மா கெடைக்க மாட்டாங்க" என்று சொன்னதும் தான்தான். சலைனுக்கும் பிரஷர் ஏறவில்லை, ஏற்றுகிற மருந்தை ஊசிப் பம்பில் போட்டு, சர்ஜன் வந்து காலைக் கீறிச் சீழை வெளியேற்றி, மானிட்டரில் எண்கள் மெல்ல மேலேறியதை விரதம் இருப்பவளைப்போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதை வெல்டிங் பட்டறை அப்பாவிடம் சொன்னால் "எம் மக கண்டுபிடிச்சா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிடுவார், சொல்லட்டும், இன்று தடுக்கப் போவதில்லை, ஆமாம், நான்தான் கண்டுபிடித்தேன்…

பச்சை விழுந்துவிட்டது, பின்னால் ஹாரன். அவள் நகரவில்லை. மருது வேலையாகப் போயிருந்து, கிழவி தனியாக வந்திருந்தால்? அந்த 'வாங்க'வை என்னைப் பார்த்துத்தானே சொல்லியிருப்பாள், நானும் எவ்வளவு மரியாதையான பாட்டி என்று நினைத்து, மாத்திரை எழுதிக் கொடுத்து…