உள்ளங்கையளவு பை

சுற்றறிக்கை தன் மேசைக்கு முன்னால் வந்து நின்றதுமே, எதற்காக வந்திருக்கிறார் என்பது தபால் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. மின்விசிறியை அணைத்துவிட்டுப் போங்கள் என்பதற்குக்கூட ஒரு சுற்றறிக்கை அடித்து ஒட்டுகிற மனிதர் அவர். நிர்வாகப் பிரிவில் வேலை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று இனி சொல்ல வேண்டியதில்லை. எழுத்தில் போட முடியாத சங்கதி என்றால் மட்டும்தான் அவர் நேரில் வருவார்.

"அக்கா, மாசக் கடைசி வெள்ளிக்கிழமை ஒரு பிரிவு உபசாரம் இருக்கு."

"தெரியும் தம்பி."

"வழக்கம்போல ஒரு கார்டு, ஒரு பை..."

"யாருக்கு?" என்றாள் அக்கா. வேண்டுமென்றேதான் கேட்டாள். அந்த லிஃப்ட் கம்பெனியில் அந்த மாதம் ஓய்வு பெறுகிற ஆள் ஒரே ஒருத்திதான்.

சுற்றறிக்கை காதைச் சொறிந்தார். "என்னக்கா, ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்கறீங்க. உங்களை விட்டா இங்க யாருக்குச் செய்யத் தெரியும்? கடையில வாங்கி வச்சா, 'என்ன தம்பி, மடிப்பே நேரா இல்லை'ன்னு நீங்களே எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்குவீங்க."

"வாங்குவேன்தான்."

"அப்ப?"

"அப்ப செஞ்சுதான் ஆகணும். சரி, என்ன பரிசுன்னு சொல்லுங்க. அளவு தெரியாம எப்படிப் பை செய்யறது?"

"அது இன்னும் முடிவாகலை. நீங்க ஒரு அளவுல செஞ்சிடுங்க. பைக்குத் தகுந்த மாதிரி ஒண்ணு வாங்கிடறோம்" என்று சொல்லிவிட்டு, தலைச்சுமையை இறக்கி வைத்தவர்போல வேகமாக நடந்துவிட்டார்.

முப்பத்தோரு வருடமாக அக்காவின் வேலை, வருகிற கடிதங்களைப் பிரித்து மேசைகளுக்கு அனுப்புவதும், போகிற கடிதங்களை எடை போட்டுத் தபால்தலை ஒட்டுவதும். அந்த வேலையிலிருந்து கிளைத்ததுதான் கார்டும் பையும். பிரித்த உறைகளை அவள் குப்பையில் போட மாட்டாள். உள்ளே இருப்பது வெளியே தெரியாமலிருக்கச் சில உறைகளின் உட்புறத்தில் நீலக் கோடுகள் நெருக்கமாக அச்சிட்டிருப்பார்களே, அந்தக் காகிதத்தைக் கத்தரித்துப் பூ செய்தால் கடையில் கிடைக்காத நீலம் ஒன்று வரும். பெரிய உறைகளின் அட்டை, பையின் அடிப்பாகத்துக்கு ஆகும். பார்சல் கட்டி வருகிற சணல் கயிறு, முறுக்கினால் கைப்பிடி.

ஒவ்வொருவருக்கும் அவரவருக்கென்று ஏதாவது ஒன்று கார்டில் இருக்கும். பழைய மெக்கானிக் ஓய்வு பெற்றபோது, நூலை இழுத்தால் மாடி மாடியாக ஏறுகிற காகித லிஃப்ட். அதை அவர் அன்று மாலை முழுக்க ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார். வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் டெலிபோன் அம்மாவுக்குக் குழந்தை பிறந்தபோது, ரிசீவரைத் தொட்டிலாக்கி அதில் ஒரு பிஞ்சுக் கால்.

கார்டு செய்வது பாதி வேலைதான். மீதிப் பாதி, அதில் மனிதர்களை எழுத வைப்பது. மேசை மேசையாக அக்காவே எடுத்துக்கொண்டு போவாள். "வெறும் கையெழுத்துப் போடாதீங்க. ஒரு வரி எழுதுங்க" என்பாள். "என்ன எழுதறதுன்னே தெரியலையேக்கா" என்று பேனாவைக் கடிப்பார்கள். "மழையில ஒரு நாள் தன் குடையை உங்ககிட்ட குடுத்துட்டு நனைஞ்சுக்கிட்டே போனாரே, அதை எழுதுங்க" என்பாள். ஆமாம் இல்லையா என்று அவர் முகம் மலர்ந்து எழுதுவார். யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. எல்லோரும் எழுதி முடித்த பிறகு, வலது பக்கம் கீழ் மூலையில் அவள் கடைசியாகக் கையெழுத்துப் போடுவாள்.

இப்போது அவளுக்கான கார்டை மேசை மேசையாக யார் எடுத்துப் போவார்கள்? யார் நினைவுபடுத்துவார்கள்? யாரும் தூண்டாமல், தானாக, தன்னைப் பற்றி எழுத யாரிடமாவது ஒரு வரி இருக்கிறதா? சுற்றறிக்கை போன பிறகு அக்காவின் மனதில் இந்தக் கேள்வி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் வேலையைத் தொடங்கினாள். அவள் வீடு இரண்டு அறை. நடு அறையில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற மேசை. அம்மா இருந்தவரை அதில் இரண்டு தட்டு வைக்க இடம் இருந்தது. அம்மா போன பிறகு காகிதமும் கோந்தும் மெல்ல மெல்ல இடம் பிடித்து, இப்போது ஒரு தட்டு வைக்க மட்டும் ஓரமாக இடம் விட்டிருந்தன. எதிர் நாற்காலியில் அட்டைக் கட்டு உட்கார்ந்திருந்தது.

முதலில் வழக்கமான அளவில்தான் வெட்டினாள். ஓய்வு பெறுகிறவர்களுக்கு அந்தக் கம்பெனி சுவர்க் கடிகாரம்தான் கொடுக்கும். அதற்கான பை அளவு அவள் கைக்கு மனப்பாடம். ஸ்பூனின் முதுகால் மடிப்புக் கோட்டை அழுத்தித் தேய்த்து, மடித்து, ஒட்டி, நிறுத்திவைத்து, இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள்.

பை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. போடு, போடு என்று கேட்பதுபோல இருந்தது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், எனக்கு இவ்வளவு பெரிதாக வேண்டும் என்று நானே அளவு சொன்ன மாதிரி ஆகாதா? அக்காவுக்குத் தனியாக இருந்தும் முகம் சுட்டது.

பிரித்தாள். ஒரு புத்தகம் கொள்கிற அளவுக்கு வெட்டினாள். அப்போதும் மனசு கேட்கவில்லை. மறுபடி பிரித்தாள். அதட்டினால் ஒடுங்குகிற பிள்ளைபோல அந்தப் பை அவள் கைக்குள் சுருங்கிக்கொண்டே வந்தது. பிற்பகல் வெயில் சன்னலை விட்டு இறங்கும்போது அது உள்ளங்கையளவு ஆகியிருந்தது. இதற்கு மேல் வெட்டினால் மடிக்க விரல் நுழையாது. அதற்கும் மூன்று நீலப் பூ வைத்து, சணலை மெல்லிதாகப் பிரித்து முறுக்கிக் கைப்பிடி போட்டு, முடிச்சை உள்பக்கம் மறைத்தாள். அளவில் சிறியதே தவிர, வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

கார்டுதான் அவளைத் திணறடித்தது. மெக்கானிக்குக்கு லிஃப்ட். டெலிபோன் அம்மாவுக்கு ரிசீவர். தனக்கு? ஓர் உறையை வரைந்து பார்த்தாள். அது மேசையின் அடையாளமாக இருந்தது. நாளைக்கு அந்த மேசைக்கு வருகிறவருக்கும் பொருந்தும். கடைசியில் பையில் வைத்த அதே பூக்களையே கார்டிலும் ஒட்டினாள்.

திங்கட்கிழமை இரண்டையும் சுற்றறிக்கையிடம் கொடுத்தாள். அவர் அவருடைய முறைப்படிதான் செய்தார். கார்டை ஒரு கோப்புக்குள் வைத்து, அலுவலகத்தில் உள்ள இருபத்திரண்டு பேரின் பட்டியலை மேலே குத்தி, பியூனிடம் விட்டுவிட்டார். பட்டியலில் பதின்மூன்றாவது பெயர் அக்காவுடையது. அதை அடித்துவிட யாருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை பியூன் அந்தக் கோப்பை அக்காவின் மேசையில் வைத்து, "பார்த்துட்டு அடுத்த மேசைக்கு அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எதையும் திறந்து பார்க்கிற ஆள் இல்லை.

அக்கா திறந்தாள். பன்னிரண்டு கையெழுத்து. ஒவ்வொன்றின் கீழும் தேதி. ஒரு வரிகூட இல்லை. வருகைப் பதிவேட்டைக் கிழித்து ஒட்டியதுபோல இருந்தது. கேஷியர் பழக்கதோஷத்தில் முத்திரையும் குத்தியிருந்தார்.

பிறகு என்ன நினைத்தாளோ, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கார்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நேராகக் கேஷியரிடம் போனாள்.

"ஐயா, இது ரசீது இல்லை. முத்திரை குத்தியிருக்கீங்க."

கேஷியர் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. "ஐயையோ. அக்கா, இது உங்க கார்டாச்சே. உங்களுதை நீங்களே எடுத்துட்டு வரலாமா?"

"இதுவரைக்கும் எந்தக் கார்டை வேற யார் எடுத்துட்டு வந்திருக்கா? ஒரு வரி எழுதுங்க."

"என்ன எழுதட்டும்?"

"அதையும் நானே சொல்லணுமா?"

"எப்பவும் நீங்கதானேக்கா சொல்வீங்க" என்றார் அவர். கிண்டலில்லாமல், நிஜமாகவே உதவி கேட்டார்.

டெலிபோன் அம்மாவும் அதையே கேட்டாள். "சொல்லுங்கக்கா, நீங்க சொன்னா மடமடன்னு எழுதிடுவேன்." அவள் குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும், மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அவள் இடத்தில் உட்கார்ந்து போனை எடுத்தவள் அக்கா. வேறு யாராவது செய்திருந்தால், "அதை எழுதும்மா" என்று அக்காவே எடுத்துக் கொடுத்திருப்பாள். இப்போது அது வாய் வரை வந்தது. தானாக நினைவு வருகிறதா என்று ஒரு நிமிடம் காத்துப் பார்த்தாள். டெலிபோன் அம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பாடம் எழுதக் காத்திருக்கிற பிள்ளைபோல அவளையே பார்த்தாள்.

"'உங்கள் அன்பை மறக்க மாட்டோம்'னு எழுதும்மா" என்றாள் அக்கா.

இப்படியே ஒவ்வொரு மேசையும். "பணிவும் பொறுமையும் மிக்கவர்." "எல்லோருக்கும் இனியவர்." "நலமுடன் வாழ்க." சொல்லச் சொல்ல எழுதினார்கள். "சூப்பரா சொல்றீங்கக்கா" என்று பாராட்டவும் செய்தார்கள்.

கடைசியாக, தன் மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சுக்கு வந்தாள். அங்கே உட்கார்ந்திருந்தவரைக் கிணற்றுக்காரர் என்பார்கள். லிஃப்டுக்கு அடியில் உள்ள குழிக்குள் இறங்கி வேலை பார்க்கிற மெக்கானிக். பதினொரு வருடமாக தினமும் காலையில் வேலைச் சீட்டு வரும்வரை அந்தப் பெஞ்சில் காத்திருப்பார். ஆள் பேச மாட்டார், வாயில் பூட்டு.

"ஒரு வரி எழுதுங்க" என்றாள் அக்கா.

அவர் கிரீஸ் கைகளை விரித்துக் காட்டினார். "வச்சுட்டுப் போங்க. கழுவிட்டு எழுதறேன்."

"என்ன எழுதறதுன்னு சொல்லட்டுமா?"

"வேணாம்."

ஒரு மாதத்தில் அவர் பேசுகிற பேச்சு அதோடு தீர்ந்துவிட்டது. கார்டு அன்று அவள் கைக்குத் திரும்பி வரவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எல்லோரும் மேனேஜர் அறையில் கூடினார்கள். மேனேஜர் ஐந்து நிமிடம் பேசினார். பிறகு கடைக்காரர் கொடுத்த பாலிதீன் கவரோடு ஒரு சுவர்க் கடிகாரத்தைத் தூக்கிக் கொடுத்தார். அதன் பின்னாலேயே சுற்றறிக்கை கார்டையும் அந்த உள்ளங்கையளவு பையையும் நீட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். பைக்குள் இரண்டு பேட்டரி இருந்தது.

"என்னக்கா, நீங்க போய் அளவுல கோட்டை விடலாமா?" என்று அவர் அவள் காதோடு குறைபட்டுக்கொண்டார். "மேனேஜர் பழைய வழக்கப்படி கடிகாரமே வாங்கிட்டார். இவ்வளவு அழகாச் செஞ்ச பை வீணாப் போகக் கூடாதேன்னு நான்தான் பேட்டரியைப் போட்டேன்."

"நல்ல வேலை செஞ்சீங்க தம்பி" என்றாள் அக்கா. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

வீட்டுக்கு வந்து, எதிர் நாற்காலியிலிருந்த அட்டைக் கட்டை இறக்கிவிட்டு அங்கே கடிகாரத்தைச் சாய்த்து வைத்தாள். கடைக்காரர்கள் வைக்கிற மாதிரி அது பத்து பத்து காட்டிக்கொண்டு சும்மா இருந்தது. பேட்டரியை எடுத்துக் கடிகாரத்தில் போட அவளுக்கு மனம் வரவில்லை. எடுத்துவிட்டால் பை காலியாகிவிடும்.

கார்டைத் திறந்தாள். இருபது பேர் கையெழுத்தில், அவளுடைய வாக்கியங்கள். அவள் சொன்னது சொன்னபடி, ஒரு சொல் கூடாமல் குறையாமல். தன் குரலைத் தானே கேட்பதுபோல ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தவள், கீழே வந்ததும் நின்றாள். அவள் வழக்கமாகக் கையெழுத்துப் போடுகிற மூலை வெறுமையாக இருந்தது. அதற்குச் சற்று மேலே பென்சிலில், கோணல்மாணலாக, அவள் சொல்லித்தராத ஒரு வரி.

"பேப்பர் வெட்டும்போது நாக்கைக் கடிச்சுக்குவீங்க. கத்தரி நின்னாதான் விடுவீங்க."

"நானா?" என்றாள் அக்கா வாய்விட்டு. "இல்லவே இல்லை. சுத்தப் பொய்." பதினொரு வருடமாகப் பெஞ்சில் உட்கார்ந்து இதையா பார்த்துக்கொண்டிருந்தார் இந்த மனிதர்? ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா? கோபம்போலத்தான் இருந்தது. ஆனாலும் அந்த வரியை இரண்டு நாளில் எத்தனை தடவை படித்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

திங்கட்கிழமை காலை வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்தது. தலை வாரிக்கொண்டாள், டீ குடித்தாள், அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் மேசை முன்னால் உட்கார்ந்து நீலக் கோட்டுக் காகிதம் ஒன்றை எடுத்தாள். தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். கத்தரி இதழின் வளைவில் மெதுவாகத் திரும்பியது. முதல் இதழ். இரண்டாவது இதழ். மூன்றாவதில் பாதி வந்தபோது அக்கா அப்படியே கையை நிறுத்தினாள்.

நாக்கு பல்லுக்கு நடுவிலிருந்து நழுவி உள்ளே போனது.

எதிர் நாற்காலியைப் பார்த்தாள். கடிகாரம் பத்து பத்து என்றது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கார்டை இழுத்து, பென்சில் வரிக்குக் கீழே தனக்கென்று கிடந்த மூலையில், "உண்மைதான்" என்று எழுதினாள். எல்லாக் கார்டிலும் செய்வதுபோலக் கடைசி ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். மை காயும்வரை கார்டைத் திறந்தே வைத்துவிட்டு, மூன்றாவது இதழை வெட்டி முடிக்கக் கத்தரியை எடுத்தாள்.