மருந்துக்கு எழாத இதயம்

...கொஞ்சம் அழுத்தினால் போதும், தோல் கிழிந்துவிடும், கிழவர்களுக்குத் தோல் அவ்வளவு மெல்லிசு, என்று நினைத்துக்கொண்டேதான் அந்த நர்ஸ் தன் அப்பாவின் நெஞ்சு முடியை மழித்தாள், பிளேடு எலும்பு மேட்டில் ஏறி இறங்கியது, ஒயர் ஒட்ட நாலு இடம் வழவழப்பாக வேண்டும், அவ்வளவுதான் வேலை, இந்த நெஞ்சைத் தொட்டதே இல்லை, தள்ளியதுதான் உண்டு, அம்மாவைச் சுவரோடு நசுக்கிக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும்... பாறையைத் தள்ளின மாதிரி இருக்கும். அம்மாவைப் பாடையில் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குப் பிறகு அந்த வீட்டு வாசற்படியை அவள் மிதிக்கவில்லை. இன்றைக்குத் தம்பிதான் அவரை அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு வந்தான், "நீ இருக்கும்போது வேற எங்கக்கா போறது, அப்பா முன்ன மாதிரி இல்ல, சாதுவாயிட்டாரு," என்றான், வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கென்ன, கடைக்குட்டி, அடி என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்தவன். ஊசி முதல் தடவை நரம்பைத் தவறிவிட்டது. தவறியதா, தவறவிட்டாளா? அப்பா முனகக்கூட இல்லை.

அறையில் விளக்கைக் குறைத்தாயிற்று, டாக்டர் அவர் நெஞ்சில் கருவியை வைத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், சின்ன வயசுப் பெண். பயத்திலும் கோபத்திலும் உடம்பே சுரக்கிற சரக்கு மாதிரிதான் இந்த மருந்தும், நரம்பில் ஏறினால் மாடிப்படி ஓடி ஏறினவன் நெஞ்சுபோல் அடிக்க வேண்டும், அடிக்கும்போது எந்தத் தசை சுணங்குகிறது என்று பார்ப்பார்கள். அடிக்கவில்லை. அவள் மருந்து பம்பில் அளவை ஏற்றினாள், துடிப்பு எண்பதைத் தொட்டு அங்கேயே நொண்டியது. டாக்டர் திரும்பாமலே சொன்னாள், "வயசாயிட்டா இப்படித்தான் சிஸ்டர். ரத்தத்துல மருந்து போதுமான அளவு இருக்கும், இதயத் தசை அதைக் கண்டுக்காது. இன்னும் ஏத்துங்க." கண்டுக்காதாம்... ஜன்னலைச் சாத்த மறந்ததற்கு எழும்பின இதயம், தட்டு கீழே விழுந்த சத்தத்துக்கு எழும்பின இதயம், கழுத்து நரம்பு புடைக்க, பெல்ட்டை உருவிக்கொண்டு, கொக்கி இருக்கிற முனையால், அம்மாவின் புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கினபோதும் அடங்காத இதயம். அப்படியென்றால் சாதுவெல்லாம் ஒன்றுமில்லை. மனசு மாறவில்லை, வருத்தப்படவில்லை, உள்ளே கோபம் இன்னமும் சுரந்துகொண்டுதான் இருக்கிறதோ என்னவோ, தசைக்குத்தான் அது உறைக்கவில்லை, இதைப் போய்த் திருந்திவிட்டார் என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்... அம்மா இன்னும் கொஞ்ச வருஷம் தாக்குப்பிடித்திருந்தால் போதுமாயிருந்ததா, இந்தத் தசை கிழடு தட்டுகிற வரைக்கும்? விரல் பம்பின் பொத்தான்மேல் இருந்தது. டாக்டர் சொன்ன அளவு வந்துவிட்டது. இன்னும் ரெண்டு அழுத்து அழுத்தினால், மூன்று அழுத்தினால், வெடிக்கட்டுமே, யாருக்குத் தெரியும்... விரல் விலக மாட்டேன் என்றது.

அப்போதுதான் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு காலத்தில் அவரே முறித்த மணிக்கட்டு, கோணலாகக் கூடின எலும்பு, அதே இடத்தில் நகம் பதிய, "நிறுத்துடி" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. அன்றைக்கு எலும்பு முறிந்த சத்தம் அவள் காதில் மறுபடி கேட்டது. உதறினாள், மருந்து ஸ்டாண்டு சாய்ந்து சுவரில் மோதியது, அவள் கை உயர்ந்தது, தோளுக்கு மேலே, விரல் மடங்கி... அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தாடையை நெஞ்சில் புதைத்து, முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டார், அம்மா சுருண்டுகொள்வாளே, அப்படியே. மானிட்டர் அலறியது, நூறு, நூற்றிருபது, நூற்று முப்பது. "எகிறிடுச்சு, படம் கிடைச்சிடுச்சு, மருந்தை நிறுத்திடுங்க," என்றாள் டாக்டர், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். ஸ்டாண்டைப் பிடிக்கத்தான் கையைத் தூக்கினேன், இல்லையா, அது சரியத்தானே போயிற்று... ஆனால் ஸ்டாண்டு இருந்தது வேறு பக்கம். அவள் பொத்தானை அழுத்தி நிறுத்தினாள். ஒரு சொட்டு மருந்தும் ஏறாத அவள் நெஞ்சு காதுக்குள் வந்து இடித்துக்கொண்டிருந்தது, விலா வலித்தது, அதில் எங்கோ ஒரு மூலையில் சுகமாகவும் இருந்ததே, அது என்ன? அவர் முழங்கையை மெல்ல இறக்கினார். கண் திறந்து அவள் முகத்தைப் பார்த்தார், பயம் தெளியாமல், ஆனால் ஆச்சரியமே இல்லாமல், கண்ணாடியில் வெகுநாள் பழகின முகத்தைப் பார்க்கிறவர்போல.