நான் விற்ற இரண்டு வினாடி

என் அப்பா ஜெர்மனியில் ரவன்ஸ்பூர்க் ஊர்ச் சந்தையில் மாட்டுத் தரகர். வாங்குபவனை ஒரு ஓரம், விற்பவனை இன்னொரு ஓரம் தள்ளிக்கொண்டு போய்த்தான் பேசுவார். இருவரையும் சேர்ந்து நிற்கவே விடமாட்டார். இயந்திரம் விற்கப் போன பிறகும் எனக்கு அந்தப் புத்தி போகவில்லை.

டென்மார்க் மருந்துக் கம்பெனிக்காரர் ஸ்கோவுக்கு, எட்டுக் கண்ணாடிக் குப்பிகளை ஒரே பிடியில் எடுத்துத் தட்டில் அடுக்கும் இயந்திரம் வேண்டியிருந்தது. எங்கள் பட்டறையால் ஆறு வினாடியில் முடியும். போட்டிக்காரன் ஐந்து என்றான். நான் நாலு என்றேன். வாயால் குறைப்பதற்கு என்ன செலவு? பட்டறையின் முப்பத்தொரு பேருக்கும் மிச்சமிருந்த ஒரே ஆர்டர் அது. திங்கட்கிழமை ஸ்கோவ் முன்னால் நாலு வராவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை காலையிலும் ஐந்தரைதான்.

"தண்டவாளத்தை வெட்டிக் கையா மாட்டியிருக்காரு அந்த மனுஷன். எப்படி ஓடும்?" என்றாள் மென்பொருள் எழுதிய வீப்கே.

"கை நல்லாத்தான் இருக்கு. அவ புரோகிராம்தான் சர்ச்சுக்குப் போற கிழவி மாதிரி நடக்குது" என்றார் இயந்திரத்தை வரைந்த ஓட்மார்.

வீப்கேயைக் காபி மெஷின் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். "நீயே சத்தமில்லாம சரி பண்ணிடு. அவருகிட்டச் சொன்னா ரோஷப்படுவாரு." கார் நிறுத்துமிடத்தில் ஓட்மாரைப் பிடித்து அதையே அவருக்கும் சொன்னேன்.

கனமான கைக்கு ஏற்றபடி உந்துவிசையை ஏற்றி, அன்று மாலையே நாலு வினாடிக்குக் கொண்டுவந்துவிட்டதாக வீப்கே எனக்குச் செய்தி அனுப்பினாள். ஓட்மாரை நிறுத்தியிருக்கலாம். கைவசம் அரை வினாடி கூடுதலாக இருந்தால் அடுத்த பேரத்துக்கு ஆகுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஓட்மார் தனியாக வந்து, பாதி எடையுள்ள கார்பன் கையை மாட்டினார். மெதுவாக ஓட்டிப் பார்த்தார், பட்டுப்போல் நகர்ந்தது. முழு வேகத்துக்கு வீப்கேயின் கடவுச்சொல் வேண்டும். அவளைக் கூப்பிட்டால் குட்டு வெளிப்படும். அதோடு விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை, வெண்ணெய் தடவிய பிரெட்சல் ரொட்டிகள் மேசையில் காத்திருக்க, ஸ்கோவ் பச்சைப் பொத்தானை அழுத்தினார். கனமான கைக்காக வீப்கே ஏற்றிய உதை லேசான கையில் விழுந்தது. கை தட்டைத் தாண்டிப் பறந்து எட்டுக் குப்பிகளையும் தடுப்பில் அறைந்தது. இன்னொரு முறை அழுத்தினார். இன்னும் எட்டு.

"நாலு வினாடின்னு சொன்னீங்க எகோன். உடைக்கறதுக்குன்னு சொல்லலியே" என்றபடி கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வீப்கே இயந்திரத்துக்குள் தலையை நீட்டினாள். "கையை மாத்தினீங்களா?"

"நீ விசையை ஏத்தினியா? ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

இருவரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒரே திரைமுன் தோளோடு தோள் குனிந்தார்கள். இருபதே நிமிடம். குப்பிகள் சிணுங்காமல் தட்டில் உட்கார்ந்தன.

"மூணு புள்ளி நாலு!" என்று கத்தினாள் வீப்கே.

ஓட்மார் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "எகோன், நிக்காதய்யா! அவரு ஏர்போர்ட் போறதுக்குள்ள பிடி. பேசிப் பாரு, உன்னால முடியாததா?"

கைபேசி என் கையில்தான் இருந்தது. ஐந்து சொன்னவனுக்கே ஆர்டரைக் கொடுத்து, காரிலிருந்தே கையெழுத்திட்டுவிட்டதாக ஸ்கோவ் செய்தி அனுப்பிப் பத்து நிமிடமாகிறது.

"இதோ" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன். உள்ளே இயந்திரம் எட்டெட்டாக அடுக்கிக்கொண்டிருந்தது.