காற்று போகும் இடம்

பதினெட்டு அங்குல ஸ்பீக்கரைப் பெட்டிக்குள் இறக்க இரண்டு பேர் வேண்டும். பெட்டியை மல்லாக்கப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் விளிம்பைப் பிடித்து, வட்டத்துக்குள் மெதுவாக விட்டு, கடைசி நொடியில் விரலை உருவிக்கொள்ள வேண்டும். அவள் கணவர் உருவிக்கொண்டார். அவள் தம்பி ஒரு நொடி தாமதித்தான். காந்தத்தின் கனம் மொத்தமும் அவன் ஆள்காட்டி விரலில் இறங்கியது. கெட்ட வார்த்தை ஒன்றைப் பல்லுக்குள் மென்று விழுங்கிவிட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தான்.

"வெரலு போனாப் போகுது மச்சான். உங்க காது பத்திரமா இருந்தாப் போதும். நம்ம ரெண்டு பேருக்கும் சொத்து அது ஒண்ணுதான்."

கணவரும் சிரித்தார். தம்பி சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தார். அவன் சொன்னதில் பாதி அவர் காதுக்குப் போயிருக்காது என்பது, மூலையில் உட்கார்ந்து சக்கரத்துக்கான ரப்பரை வெட்டிக்கொண்டிருந்த அவளுக்குத்தான் தெரியும்.

டயர் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை அது. பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்த இடத்தைக் காலி செய்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ரப்பர் நாற்றம் போகவேயில்லை. அதன்மேல் பிளைவுட் வாசனையும் பசை வாசனையும் ஏறி உட்கார்ந்திருந்தன. நடுவில் அந்தப் பெட்டி. நிமிர்த்தி வைத்தால் அவள் நெஞ்சு உயரம். அடித்தட்டில் பேட்டரியும் ஆம்ப்பும், அதற்கு மேல் ஸ்பீக்கர், முன்னால் காற்று வந்து போக நீள வாய், கீழே இரண்டு சக்கரம். திடல்களில் ஆட்ட நிகழ்ச்சி நடத்தும் ஈவென்ட்காரர் போட்ட நிபந்தனை அப்படி. கரண்டு இல்லாத திடலில், ஜெனரேட்டர் சத்தம் இல்லாமல், ஒற்றை ஆள் தள்ளிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும். நிறுத்திய இடத்தில் ஆடுகிறவனுக்குத் தொடை நடுங்க வேண்டும். இது பிடித்துப்போனால் இந்த சீசன் முழுக்க அவருடைய ஆட்ட நிகழ்ச்சிகளுக்கெல்லாம் இவர்கள்தான். பிடிக்காவிட்டால் தம்பிக்குப் போக இடம் கிடையாது. மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், வேலையை விட்ட அன்று மேஸ்திரியைப் பார்த்து, "இனிமே உன் மூட்டைய நீயே தூக்கு" என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டு வந்திருந்தான். அதை வேலையை விட்டது என்று சொல்வதைவிட, திரும்பிப் போகிற வழியை மண்ணைக் கொட்டி அடைத்தது என்று சொல்லலாம்.

எதை நம்பி வந்தான்? மச்சானின் காதை நம்பி. யார் வீட்டு ஸ்பீக்கரில் என்ன கோளாறு என்றாலும், அவர் மரத்தில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, 'காயில் கம்பி தேயுது', 'ஓரம் கிழிஞ்சிருக்கு' என்று சொல்லிவிடுவார். திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். "எங்க மச்சான் காதுக்கு நான் கேரண்டி" என்று தம்பி ஈவென்ட்காரரிடமே சொல்லியிருந்தான்.

அந்தக் காது பாதி செத்துப் பல காலம் ஆயிற்று. கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அவர் ரோடு உடைக்கிற மெஷினைப் பிடித்து நின்றவர். கிழிந்த பனியன் துணியைச் சுருட்டிக் காதில் செருகிக்கொள்வார், அவ்வளவுதான் காப்பு. முதலில் அவருக்குக் குக்கர் விசில் போனது. அடுப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்து வயரைச் சீவிக்கொண்டிருந்தவர், அரிசி கரியும்வரை தலை தூக்கவில்லை. பிறகு கதவு மணி. பிறகு பக்கத்து வீட்டுக் குழந்தையின் குரல். கீழ்ச்சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. பாட்டு என்றால் அவருக்கு இப்போது பேஸ்தான். மற்றதெல்லாம் பல் விழுந்த வாய் பேசுகிற மாதிரி. அதனால்தான் அதை அப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

இதைப் பற்றி அவர்கள் ஒரு நாளும் பேசியதில்லை. அவர் ஸ்பீக்கரைச் சோதிக்கும்போது அவள் எதிரே வந்து நிற்பாள். மேல்சத்தத்தில் கரகரப்போ கீச்சோ இருந்தால் காது மடலைத் தொடுவாள். இல்லையென்றால் கையைக் கட்டிக்கொள்வாள். எப்போது தொடங்கியது, யார் தொடங்கினார்கள் என்று இருவருக்குமே நினைவில்லை. ராத்திரி விளக்கை அணைப்பது யார் என்று பேசிவைக்காமலே நடப்பதுபோல அதுவும் நடந்தது.

"மாப்ள, கைப்பிடி கெட்டியா இருக்கா பாரு" என்றார் கணவர்.

"நான் போட்டது மச்சான். ஆன தூக்கினாலும் வராது."

கைப்பிடியை முந்தின நாள் சாயங்காலம் தம்பிதான் இடம் மாற்றியிருந்தான். கணவர் பக்கப் பலகையின் நடுவில் வைத்திருந்தார். "தூக்குறவனுக்குத்தான் தெரியும் பிடி எங்க வேணும்னு" என்று சொல்லி, கழற்றி, நாலு விரல் கீழே இறக்கி முடுக்கினான். பழைய திருகாணி ஓட்டைகளில் பட்டிக் களிம்பு வைத்து அடைத்து, மேலே கறுப்புப் பெயின்டையும் இழுத்துவிட்டான். பார்த்தால் தெரியாது.

ஈவென்ட்காரர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். அகன்ற தோள், இரண்டு ஃபோன். உள்ளே வந்ததும் பெட்டியைச் சாய்த்துத் தள்ளிப் பார்த்தார். சக்கரம் ஓடியது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"போடுங்க, கேப்போம்."

அவள் வழக்கம்போல எதிர்ச்சுவர் ஓரம் போய் நின்றாள். கணவர் குமிழைத் திருகினார். முதலில் சத்தம் என்று எதுவும் வரவில்லை. தகரம் அதிர்ந்தது, பிறகு அவள் வயிறு, பிறகுதான் காது. பெட்டியின் மேல் வைத்திருந்த திருப்புளி தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்து விழுந்தது. தம்பி வாயைத் திறந்தபடி மேற்கூரையைப் பார்த்தான். ஈவென்ட்காரர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, நன்றாகக் கேட்க வேண்டும் என்று இரண்டடி பின்னால் வந்தார். வந்து, அவளுக்கும் கணவருக்கும் நடுவில் நின்றார்.

அப்போதுதான் அது தொடங்கியது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஒரு மெல்லிய 'ஸ்ஸீ'. பெட்டியில் எங்கேயோ காற்று போகிறது. அவள் கை காது மடலுக்குப் போனது. முன்னால் அந்த அகன்ற முதுகு. இடப்பக்கம் நகர்ந்தாள், டயர் அடுக்கு தடுத்தது. வலப்பக்கம் எட்டிப் பார்த்தாள். கணவர் கண்ணை மூடி, உள்ளங்கையைப் பெட்டியின் தலையில் வைத்து, முகமெல்லாம் மலர்ந்து நின்றுகொண்டிருந்தார். அப்படி அவரை அவள் பார்த்தே பல மாதம் ஆகியிருந்தது.

"என்னங்க, விசில் அடிக்குது?" என்றார் ஈவென்ட்காரர்.

கணவர் கண் திறந்து தலையாட்டினார். கேட்காத போதெல்லாம் தலையாட்டுவது அவர் பழக்கம். ஆட்டிவிட்டுக் குமிழை இன்னும் ஏற்றினார்.

விசில் கத்தலாயிற்று. ஈவென்ட்காரர் ஒரு காதுக்குள் விரலை விட்டுக்கொண்டார். கணவர் இன்னும் ஏற்றினார். வாசலில் டயர் கடை ஆள் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு போனான். தம்பி ஓடிவந்து ஸ்விட்சைத் தட்டினான்.

சத்தம் நின்ற பிறகும் தகரம் கொஞ்ச நேரம் முனகியது.

"மச்சான், அந்த விசிலு கேக்கலையா உங்களுக்கு?"

கணவர் அவனைப் பார்க்கவில்லை. ஈவென்ட்காரரின் தோளைச் சுற்றி, தலையைச் சாய்த்து அவளைத் தேடினார். தம்பியும் அந்தப் பார்வை போன வழியே திரும்பினான். அவள் விரல்கள் இன்னும் காது மடலைப் பிடித்துக்கொண்டிருந்தன. இறக்க மறந்துபோயிருந்தாள். தம்பி அந்தக் கையைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான், மறுபடி அந்தக் கையைப் பார்த்தான். எத்தனையோ தடவை அவள் அப்படி எதிரே நின்றதை அவன் பார்த்திருக்கிறான். புருஷன் வேலை செய்வதை ஆசையாகப் பார்க்கிறாள் என்று கேலிகூடச் செய்திருக்கிறான்.

ஈவென்ட்காரர் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டார். "அடி நல்லாருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த விசிலோட நான் எங்கயும் வைக்க முடியாது. பக்கத்துல ஒரு திடலப் பாத்துட்டு இதே வழியாத்தான் வருவேன். சரியா இருந்தா நிப்பேன். இல்லன்னா எனக்கு வேற ஆளு இருக்கான்."

அவர் கார் கிளம்பிப் போனது.

"எத்தன நாளா?" என்றான் தம்பி.

"அவரக் கேக்காத. என்னக் கேளு" என்றாள் அவள்.

"உன்னத்தான்க்கா கேக்கறேன். அவரக் கேட்டா எங்க கேக்கப் போகுது?"

அவளுக்குக் கை ஓங்கத் தோன்றியது. அவன் முகம் கறுத்துப்போய் இருந்ததைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"கீழ்ச்சத்தம் உன்னவிட எனக்கு நல்லாக் கேக்கும்டா" என்றார் கணவர். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. "மேலதான் போயிருச்சு. மெஷின் தின்னுருச்சு."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

"வந்திருக்க மாட்டேன்."

"அதான்."

"அதான்னா? ஊரெல்லாம் இந்தக் காதச் சொல்லிச் சொல்லி வித்துட்டு வந்திருக்கேன் நான். அக்காளும் புருஷனும் சேந்து கண்ண மூடிக் கெணத்துல எறக்கிட்டு, அதான்னு சொல்றீங்க." அவன் காலடியில் கிடந்த பிளைவுட் துண்டை உதைத்தான். வெளியே போய் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்துகொண்டான். நசுங்கிய விரலை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு தெருவைப் பார்த்தான். எழுந்து நடந்துவிடுவான் என்றே அவள் நினைத்தாள்.

கணவர் மெழுகுவர்த்தி ஒன்றைத் தேடி எடுத்தார். பாட்டை நிறுத்திவிட்டு, மாறாத ஒரே தாழ்ந்த உறுமலை மட்டும் பெட்டியில் ஓடவிட்டார். மண்டி போட்டு, சுடரைப் பலகைகள் சேரும் ஓரமெல்லாம் கொண்டுபோனார். மேல் ஓரத்தில் சுடர் நிமிர்ந்து நின்றது. பின் ஓரத்திலும் நின்றது. ஸ்பீக்கர் விளிம்பைச் சுற்றிவந்தபோதும் அசையவில்லை. பக்கப் பலகைக்கு வந்தார். கைப்பிடிக்கு நாலு விரல் மேலே சுடர் படுத்தது, துடித்தது, அணைந்தது.

அவர் நகத்தால் சுரண்டினார். பெயின்ட் தோலாக உரிந்தது. உள்ளே காயாத பட்டி பிதுங்கித் தள்ளப்பட்டு, வரிசையாக ஓட்டைகள் வாயைத் திறந்துகொண்டிருந்தன.

தம்பி போட்ட ஓட்டைகள் என்று சொல்ல முடியாது. ஓட்டை அவருடையது, அடைத்தது அவன். ஆனாலும் அவளுக்கு ஆத்திரம் பொங்கிவந்தது. கேரண்டி கொடுத்தவன் வைத்த பட்டியைப் பார் என்று வாசலைப் பார்த்துக் கத்த எழுந்தாள். கணவர் அவள் சேலை நுனியைப் பிடித்து இழுத்தார்.

"விடு. மரத்தூள் எடு. நல்லா சலிச்சது."

அவள் தூளோடு திரும்பியபோது தம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. பார்வை அந்த ஓட்டைகள் மேல் இருந்தது.

"நான்தான் வச்சேன், அந்தப் பட்டி."

"தெரியும்."

"காயிறதுக்குள்ள பெயின்ட் அடிச்சுட்டேன்."

"ம்."

தம்பி பட்டியைக் கிண்டி எடுத்தான். கணவர் தூளை ஓட்டைக்குள் திணித்தார். அவன் மேலே நொடியில் இறுகும் ஒட்டுப்பசையைச் சொட்டினான். புகை எழுந்து கண்ணை எரித்தது. தூள் அங்கேயே கல்லாக இறுகியது. மறுபடி தூள், மறுபடி சொட்டு. அவர்கள் கைகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் வேலை செய்தன. முகங்கள் மட்டும் ஆளுக்கொரு திசையில் இருந்தன.

மெழுகுவர்த்தியைக் காட்டியபோது சுடர் நிமிர்ந்து நின்றது. ஆனால் சுடர் பெரிய ஓட்டையைத்தான் சொல்லும். மயிரிழைக் கசிவு நின்றதா என்று சொல்ல ஒரு காது வேண்டும். கணவர் பெட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவள் பக்கம் திரும்பவேயில்லை. அவளும் எதிர்ச்சுவருக்குப் போகவில்லை.

தம்பி மண்டி போட்டான். பலகையை அணைத்ததுபோலப் பிடித்து, அடைத்த இடத்தில் காதை வைத்து அழுத்திக்கொண்டான்.

"போடுங்க."

"அங்க வைக்காத. தள்ளி நின்னு கேளு."

"தள்ளி நின்னா ஒண்ணும் தெரியாது. கத்துனதுக்கப்புறம்தான் தெரியும். போடுங்க மச்சான்."

"மாப்ள, சொன்னாக் கேளுடா. காத எடு."

"நீங்க ஏத்தப் போறீங்களா, நான் ஏத்தட்டுமா?"

கணவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அதை என்ன செய்வது என்று தெரியாதவர்போலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு குனிந்து, தம்பியின் வெளிப்பக்கத்துக் காதை அதைக்கொண்டு மூடி, உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மரத்தின்மேல் இருந்த காதுக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்னொரு கையால் பாட்டை மறுபடி ஓடவிட்டுக் குமிழைத் தொட்டார். ஒரு கோடு ஏற்றினார். நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்தார். தம்பி கண்ணை மூடியிருந்தான். விரலை மட்டும் அசைத்தான்: இன்னும்.

இன்னொரு கோடு.

தெருவில் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் மட்டும் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் ஈவென்ட்காரர், இன்ஜினை அணைக்காமல், கையை ஸ்டீயரிங்மேல் வைத்தபடி காத்திருந்தார். மறுபடி அடித்தார்.

அவர் வந்துவிட்டதைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். குமிழ் இன்னொரு கோடு ஏறியது. தம்பியின் புருவம் நெரிந்தது; விசிலா, வலியா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கணவரின் கை குமிழில் அப்படியே நின்றது. தரையில் சிந்திக் கிடந்த மரத்தூள் ஒவ்வொரு அடிக்கும் எழும்பி எழும்பி, அவர்கள் இருவரின் முழங்காலைச் சுற்றியும் மஞ்சளாகக் குதித்துக்கொண்டிருந்தது.