காணிக்கைக் கவரில் நான் எழுதியது

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஷார்ஜாவில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ் வேலை. வாய் இல்லாமல் இங்கே ஒரு வார்டை ஓட்ட முடியுமா? ஆனால் அந்த வெள்ளிக்கிழமை வாய்க்கு முன்னால் கை முந்திக்கொண்டது. இங்கே எங்களுக்கு ஆராதனை வெள்ளிக்கிழமைதான். சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பவர்கள் காரணத்தைக் கவரின்மேல் எழுதிக் கொடுப்பார்கள். போதகர் அதை ஆராதனையில் எல்லாருக்கும் வாசிப்பார். நான் எழுதினேன்: 'மகள் சுபிஷாவுக்கு அமெரிக்காவில் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்ததற்காக. புஷ்பமேரி குடும்பம்.'

ஆராதனை முடிந்ததும் வாசலில் எனக்குக் கைகொடுக்காதவர்கள் இல்லை. "டாக்டருக்க அம்மா, எங்கள மறந்திராதீங்க" என்று ஒருத்தி கேலி பண்ண, எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சுபிஷா மட்டும் யாருக்கும் பதில் சொல்லாமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ரோலாவில் எங்கள் ஃபிளாட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் அவள் வெடித்தாள்.

"மம்மி, அது மெடிக்கல் சீட்டே இல்ல. போஸ்ட்-பேக், மெடிக்கலுக்கு முந்தின படிப்பு. எத்தன தடவ சொன்னேன்?"

"எல்லாம் ஒண்ணுதானட்டி."

"ஒண்ணு இல்ல. எகனாமிக்ஸ் டிகிரி வச்சிருக்கிற நான் முதல்ல கெமிஸ்ட்ரி, பயாலஜி எல்லாம் படிச்சு மார்க் வாங்கணும். அதுக்கப்புறம்தான் மெடிக்கல் காலேஜுக்கு அப்ளையே பண்ண முடியும். அவங்க எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம்."

இரண்டு கல்லூரிகள் அவளைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருந்தன. ஒன்று பெரிய பெயர். எல்லாப் பாடங்களையும் ஒரே வருஷத்தில் முடித்துவிடும். இன்னொன்று நான் கேள்விப்படாத ஏதோ ஊரில். இரண்டு வருஷம், அடிப்படை வேதியியலிலிருந்து தொடங்கும். அடுத்த சனிக்கிழமைக்குள் எது என்று சொல்லியாக வேண்டும்.

"பெருசுக்குப் போ. ஒரே வருஷம், முடிச்சுத் தள்ளு. சபையில என்ன சொல்லியிருக்கேன்னு தெரியும்லா?"

"நான் எனக்காகப் படிக்கணுமா, சபைக்காகப் படிக்கணுமா?"

என் வீட்டுக்காரர் ஜெபசீலன் ஏ.சி. டெக்னீஷியன். வீட்டில் சண்டை என்றால் அவருக்குத் திடீரென்று ஏதாவது மெஷினைக் கழற்ற வேண்டியிருக்கும். வாஷிங் மெஷினுக்குப் பின்னாலிருந்து, "பிள்ள சொல்லுகதக் கேளு மேரி" என்றார்.

"நீங்க சும்மா கெடங்க!"

சுபிஷா லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். "நான் கடைசியா கெமிஸ்ட்ரி படிச்சது பத்தாங்கிளாஸ்ல. பெரிய காலேஜ்ல முதல் வாரமே ஓடணும். அங்க மார்க் கொறஞ்சா அத அழிக்கவே முடியாது மம்மி. எந்த மெடிக்கல் காலேஜுக்கு அப்ளை பண்ணாலும் அந்த மார்க் என்கூட வரும். எனக்கு ஒரு சான்ஸ்தான் இருக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "பதினொண்ணுல நான் பயாலஜி கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. 'நான் ராப்பகலா டூட்டி பாத்துச் சாகது போதாதா, நீ காமர்ஸ் எடு' என்று பள்ளி விண்ணப்பத்தில் நானே டிக் போட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் இருபத்திநாலு வயதில் பிள்ளை அடியிலிருந்து படிக்கப் போகிறாள். ஆனாலும் இந்தப் பாழாய்ப்போன வாய் இறங்கி வரவில்லை. "என்னமும் செய்" என்று சொல்லிவிட்டு யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டேன்.

ஐந்து நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அவளே சமையலறைக்கு வந்தாள்.

"நீங்க சபையில தலை குனிய வேண்டாம் மம்மி. நாளைக்குப் பெருசுக்கே யெஸ் போட்டுடறேன். கலாஸ், முடிஞ்சுது."

நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு கேள்வியும் கேட்காமல் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் நோயாளிகள் உண்டு. அவர்களுடைய, எல்லாம் விட்டுப்போன முகம் அது. என் பிள்ளைக்கு அந்த முகத்தை நான் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் சபையில், கர்த்தர் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் சாட்சியாகச் சொல்லும் நேரம் வந்தது. நான் எழுந்து முன்னால் போனேன்.

"போன வாரம் நான் கவர்ல எழுதினது பொய். என் மகளுக்கு மெடிக்கல் சீட் கிடைக்கல. ரெண்டு வருஷம் அடியில இருந்து கெமிஸ்ட்ரி படிக்கப் போறா. அதுக்கு அப்புறம்தான் அப்ளை பண்ணணும். கிடைச்சாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். அவ கேட்ட வயசுல படிக்க விடாதது நான்தான். அவளுக்காக ஜெபம் பண்ணுங்க."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். வெட்கத்தில் என் காது எரிந்தது.

வாசலில் அன்று கைகொடுக்க ஆளில்லை. காரின் பின்சீட்டில் என் பக்கத்தில் ஏறியதும் சுபிஷா போனை எடுத்து அந்த இரண்டு வருஷப் படிப்புக்குச் சம்மதம் அனுப்பினாள். ஜெபசீலன் வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தார். போனை மடியில் வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"மம்மி, அதுக்கப்புறமும் கிடைக்கலன்னா?"

நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்குச் சொல்ல என்னிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும்.

"தெரியாது மக்களே," என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். பயமாக இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வளர்ந்தபிறகு அவள் என்னிடம் பயத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை.